ஏறும்போது மட்டும்

இறங்கும்போது சத்தமே இல்லை.
அதுதான் யாருக்கும் பிடிபடவில்லை.

கோரிமேட்டில் இல்லை. அடிவாரத்திலும் இல்லை.
மூன்றாவது கொண்டை ஊசி வளைவில்
இரண்டாம் கியருக்கு மாற்றி ஆக்ஸிலேட்டரை மிதித்தால்
காருக்கு அடியில் யாரோ
தகர டிரம்மை உருட்டத் தொடங்குவார்.
காலை எடுத்தால்
உருட்டுவதை நிறுத்திவிட்டு
அவரும் காத்திருப்பார்.

தடுப்புச் சுவரில் பேன் பார்க்கும் குரங்குகள்
கையை நிறுத்தித் திரும்பிப் பார்க்கும்.
பக்கத்து இருக்கையில் பிலோமினா,
கான்வென்டில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு,
பெட்ரோலில் பாதி அவள் பங்கு,
கத்துவாள்:
"நேத்தும் தண்ணி வரலைடி!"
"மோட்டாரா?"
"மேட்டூர்!"
"என்ன ஊர்?"
இருபது வளைவும் இப்படியே ஏறி
பத்திரப் பதிவு அலுவலக வாசலில் நான் இறங்கும்போது
எனக்குத் தொண்டை கட்டியிருக்கும்.

குரங்குச்சாவடிக்காரர் சைலன்சர் என்றார்.
மூவாயிரத்து எண்ணூறு.
அதே சத்தத்தைப்
புது சைலன்சரோடு கேட்டோம்.
அம்மாப்பேட்டைக்காரர் வீல் பேரிங் என்றார்,
ஐந்து ரோட்டைச் சுற்றி வந்தார்,
மேம்பாலத்தில் ஏற்றி இறக்கினார்,
"ஒண்ணுமில்லீங்களே மேடம்" என்று
என் காதைப் பார்த்தார்.
பாட்டை இன்னும் சத்தமாக வை என்றார்
என் வீட்டுக்காரர்.

நான் பதிவேடு எழுதிப் பிழைப்பவள்.
ஒரு தாளில் கோடு போட்டு எழுதினேன்:
குளிர்ந்த எஞ்சின் – உண்டு.
சூடான எஞ்சின் – உண்டு.
நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்தால் – இல்லை.
இறக்கம் – இல்லை.
மழை நாள் – உண்டு.
பிலோமினா வராத நாள் – உண்டு.

அஸ்தம்பட்டி மாதையன் அதை இரண்டு முறை படித்தார்.
கடைசி வரியில் சிரித்தார்.
பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு
"ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுங்க,
முதல் கியர் போட்டு
கிளட்சை மெதுவா, மெதுவா விடுங்க" என்றார்.
கண்ணாடி வழியே
மூடிக்கும் அவர் சட்டைக்கும் இடையிலான சந்தில் பார்த்தேன்:
பேருந்தில் தன் நிறுத்தம் வந்ததோ என்று
பாதி எழுந்து பார்க்கும் ஆளைப்போல
எஞ்சின் ஒருபக்கமாக எம்பியது.
"போதும் போதும்! எஞ்சின் மவுண்ட் போயிருக்கு.
பாரம் இழுத்தா எந்திரிக்குது,
எந்திரிச்சா குழாய் போய் பாடில இடிக்குது."

குழிக்குள் இறங்கி டார்ச் அடித்துக் காட்டினார்.
துரு மண்டிய குழாயில்
ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மட்டும்
உரசி உரசி வெள்ளியாகியிருந்தது.

ரப்பர் ஆயிரத்து நூற்றைம்பது, கூலி நானூறு.
பழையதைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார்,
பிய்த்துப் போட்ட வடை மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை. மூன்றாவது வளைவு.
இரண்டாம் கியர். மிதித்தேன்.
"எங்க நாத்தனார் இருக்காளே!" என்று
முழுத் தொண்டையில் தொடங்கிய பிலோமினா
தன் குரலைத் தானே கேட்டு
வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்புறம்
சில்வர் ஓக் இலைகள் டயருக்கடியில் நொறுங்குவது கேட்டது.
பின்சீட்டில் டிபன் டப்பா மூடி ஆடுவது கேட்டது.
அவள் எச்சில் விழுங்குவது கேட்டது.
ஒன்பதாம் வளைவுவரை
பேச எங்களுக்கு ஒன்றுமில்லை.

பத்தாவதில் மெல்லச் சொன்னாள்:
"ஸ்கூட்டர் ஒண்ணு புக் பண்ணியிருக்கேன்டி.
அடுத்த மாசத்துலருந்து தனியா ஏறிக்குவேன்.
இந்தச் சத்தம் தாங்கலைன்னுதான்..."
கொஞ்ச நேரம் கழித்து,
"அட்வான்ஸ் குடுத்தாச்சு."

"என்ன கலர்?" என்றேன்.
"மெரூன்."

பதினான்காம் வளைவில்
தேவைக்கு மேலேயே மிதித்தேன்.
எஞ்சின் அசையவில்லை.
டப்பா மூடி மட்டும்.