பதினான்கு புள்ளி ஏழு

மாம்பழ சீசன் முடிந்து
கூழ் ஆலையின் கொதிகலன் ஆறிய வாரம்
பழைய எஸ்டீமின் டேஷ்போர்டுக்கு அடியில் புகுந்து
கம்பெனி வைத்த மூளையைக் கழற்றினேன்.
அந்த இடத்தில் இப்போது
பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பச்சைப் பலகை,
அதிலிருந்து ஒரு கேபிள்,
என் மடியில் லேப்டாப்,
திரையில் பதினாறுக்குப் பதினாறு கட்டம்.

குறுக்கே சுழற்சி. நெடுக்கே பாரம்.
இந்த வேகத்தில் இந்த இழுப்புக்கு
இவ்வளவு பெட்ரோல் என்று
கட்டத்துக்கு ஓர் எண்.
இருநூற்று ஐம்பத்தாறு கேள்வி,
எனக்கு ஒன்றுக்கும் விடை தெரியாது.

முதல் நாள் கார் கிளம்பவில்லை.
இரண்டாம் நாள் கிளம்பி, இருமி, நின்றது.
மூன்றாம் நாள்தான் கண்டேன்,
காற்றழுத்த சென்சாரின் இரண்டு வயரை
மாற்றிச் சொருகியிருந்ததை.
இதற்கா மூன்று நாள் என்று கேட்காதீர்கள்.

ஓட்டுவது சென்னகேசவன்.
ஆலையில் ஃபோர்க்லிஃப்ட்காரர், ஊர் வேப்பனப்பள்ளி.
நாலாவது கியரிலேயே வைத்து ஏறுங்கள் என்றால்
ஏன் என்று கேட்காமல் ஏறுவார்.
டோல்கேட் தாண்டி, சூளகிரிப் பக்கம்,
கிரானைட் பாளம் சுமந்த லாரிகளுக்குப் பின்னால்
ஊர்ந்துகொண்டிருக்கையில்
சைலன்சர் குழாயில் பதித்த சென்சார் சொல்லும்:
பதினாறு.
பதினாறரை.

பெட்ரோல் ஒரு பங்கென்றால் காற்று
பதினான்கு புள்ளி ஏழு; அதுவே கணக்கு.
கூடினால் எஞ்சினுக்குப் பட்டினி.
ஊட்டினேன்.
எண் இறங்கவில்லை, மேலும் ஊட்டினேன்.
அவர் ஓங்கி மிதித்து லாரியை முந்தும்போது மட்டும்
சட்டென்று பத்தரை காட்டும்.
அதைப் பிழை என்று ஒதுக்கினேன்.
பிழை இல்லாத ஒரே எண் அதுதான்.

பெட்ரோல் ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டால்
ஓசூர் போய்த் திரும்புவதற்குள் முள் சிவப்பில்.
ப்ளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி.
"மேடம், மூக்குக்கு ஒரு மீட்டர் இருந்தா
இந்நேரம் அது கத்தியிருக்கும்"
என்றார் கேசவன், கண்ணாடியை இறக்கிவிட்டபடி.

பதினோரு வருடமாக என் வேலை
கூழின் இனிப்பை அளப்பது.
காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு வைத்து
மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவராமல்
எந்த டிரம்முக்கும் கையெழுத்துப் போட்டதில்லை.
காருக்கு வந்ததும்
திரையில் வந்ததெல்லாம் வேதமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை.
எஞ்சின் சூடாவதற்கு முன்
கேசவன் ஈரத் துணியால் சைலன்சர் வாயைப் பொத்த
நான் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சினேன்.
எக்ஸாஸ்ட் இணைப்பில், மூன்றாவது போல்ட்டுக்குக் கீழே,
ஒரு குமிழி.
பிறகு ஒரு கொத்து.
குழந்தை எச்சில் ஊதுகிற மாதிரி.

அந்த இடுக்கு வழியாக
வெளிக்காற்று உள்ளே நுழைந்து
சென்சாரிடம் பொய்சாட்சி சொல்லியிருக்கிறது.
சென்சார் கேட்டதைச் சொன்னது.
பலகை நான் சொன்னதைச் செய்தது.
பசிக்காத ஒன்றுக்கு
மூன்று வாரம் வாயைத் திறந்து திறந்து ஊற்றியது
நான்.

ராயக்கோட்டை ரோடு கடையில்
கேஸ்கெட் இருநூற்றுப் பத்து ரூபாய்.
போல்ட் ஒன்று துருப்பிடித்து முறிந்து
அதற்குத் தனியாக ஒரு மாலையும்
என் கட்டைவிரல் நகமும்.

'கடைசி', 'கடைசி-2', 'இதுதான் கடைசி' என்று
சேமித்த கோப்புகளையெல்லாம் அழித்துவிட்டு
முதல் நாள் கோப்பைத் திறந்தேன்.
கார் நின்ற இடத்தில் எண்ணூறு சுழற்சியில் முனகியது.
பதிமூன்று புள்ளி ஒன்பது.
ஒரே ஒரு கட்டம்: நாற்பத்தாறை நாற்பத்தைந்தாக்கி
கையை எடுத்துக்கொண்டேன்.
ஃபேன் ஓடி நின்றது.
எண் தயங்கி, தயங்கி ஏறியது.

"ஆச்சா?"
"ஒண்ணு ஆச்சு."
அவர் டயர் மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்,
பெட்ரோல் வாடை இல்லாததால்.

என்ன பெயரில் சேமிக்க என்று கேட்டது திரை.
'குமிழி' என்று அடித்தேன்.