ஒற்றைக்கொம்பு

ஜீரோ கேட்டுல எனக்கு முன்னால நாப்பத்தோரு வண்டி.
இன்ஜின அணைச்சிட்டு எழுதறேன்,
டிரிப் ஷீட்டோட பின்பக்கம்.

எம் பொண்ணு பேரு கெசியா.
அந்தப் பேர எழுத அவளுக்கு மூணு வருசம் ஆச்சு.

'க' மொதல்ல போடுவா. அப்பறம்தான் கொம்பு.
அவ காது அப்படித்தான் சொல்லுது,
சத்தம் அந்த வரிசையிலதானே வருது.
நோட்டுல வேற வரிசை:
கொம்பு முன்னாடியே போய் நிக்கணும்,
வாயத் தொறக்காம.
பின்னால போட்ட கொம்பு
பக்கத்து 'சி' மேல போய் இடிக்கும்.
"யாருப்பா இத முன்னாடி நிறுத்தினது?"ன்னா.
எனக்கென்ன தெரியும், எட்டாவதோட நின்னவன்.

ரிப்போர்ட்ல செவப்பு மையி: கவனம் இல்லை.
கொருக்குப்பேட்ட பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு வெளிய கூட்ஸ் போகும்.
ஏழும் எட்டும் எவ்ளோன்னு கேட்டா
அம்பத்தெட்டுன்னு சொல்லியிருக்கா.
பெட்டி அம்பத்தெட்டு. எண்ணினது தப்பில்ல.

ஒருநாள் ஸ்கேல எடுத்து அடிச்சேன்.
ஸ்கேலு ரெண்டா போச்சு.
அவ அழல.
ரெண்டு துண்டையும் ஒட்ட வெச்சு
முப்பது சரியா இருக்கான்னு பாத்தா.
அன்னிக்கு ராத்திரி சுகந்தி எங்கிட்ட பேசல.

ஸ்டான்லியில டோக்கன் நூத்திப்பன்னண்டு.
டாக்டரம்மா சொன்னாங்க,
மாத்திரை இருக்கு, சில புள்ளைங்களுக்கு அது வேணும்,
இவளுக்கு மொதல்ல வேற வழி பாப்போம், ஆறு மாசம்.
நான் மாத்திரைக்குன்னு காசு எண்ணி எடுத்துட்டுப் போயிருந்தேன்.
காசு ஈசி.
இதுக்கு என்னையே கேட்டாங்க.

செவ்வா, வெள்ளி தௌலத் டீச்சர் வருவாங்க.
ஒரு தாம்பாளம், அதுல அரைக் கிலோ ரவை.
வெரல்ல இல்ல, தோள்லேர்ந்து எழுதணும்,
கொம்பு ஒண்ணே தாம்பாளம் பூரா.
பத்து நிமிசம்.
அப்பறம் சாக்பீஸ் டப்பாவ மாடியில குடுத்துட்டு வரணும்.
ஓடாதன்னு திட்டு வாங்கின பொண்ணுக்கு
ஓடறதே வேலை.
ஜன்னல் பக்கத்துலேர்ந்து எடத்த மாத்தினாங்க,
ஆனா இன்டர்வல்ல பெட்டி எண்ணிக்கலாம்.

எனக்கும் வீட்டுப்பாடம் இருந்துச்சு.
ஒரு தடவைக்கு ஒரு பேச்சு.
பைய எடு. (நிறுத்தணும்.)
செருப்பு. (நிறுத்தணும்.)
நான் எப்பவும் பை செருப்பு பாட்டில் நேரமாச்சு சனியனே
எல்லாத்தையும் ஒரே மூச்சுல ஏத்தி விடுவேன்.
ஒன்பதுக்கு போனு பீரோவுக்குள்ள,
என் போனும்தான்.
மொத வாரம் எனக்குத்தான் கை நடுங்குச்சு.

ஒரு ஞாயித்துக்கெழம திருவொற்றியூர் யார்டுக்கு
அவளையும் கேபின்ல ஏத்திட்டுப் போனேன்.
நாப்பதடி டிரெய்லர ரிவர்ஸ்ல உள்ள விடணும்.
ஸ்டியரிங்க லெஃப்ட்ல ஒடிச்சா
பின்னால வால் ரைட்ல போகும்.
கண்ணாடியவே பாத்துட்டு இருந்தா.
இருவது நிமிசம், காலக்கூட ஆட்டல.

"அப்பா, இது கொம்பு."

எனக்குப் புரியல. பிரேக்ல கால்.

"முன்னாடி ஒண்ணு திருப்பற,
பின்னாடி வேற ஒண்ணு திரும்புது.
நீ முன்னாடியே தெரிஞ்சு வெச்சிருக்க."

பின்னால நின்ன லாரிக்காரன் ஹாரன் அடிச்சு
எங்க பரம்பரையவே இழுத்தான்.
அடிக்கட்டும்னு விட்டேன்.

இப்பவும் ண, ன தகராறுதான்.
தமிழ்ல முப்பத்தாறு. படிக்கச் சொன்னா
ஒவ்வொரு வார்த்தைக்கும் கேட்டு நிக்கற மாதிரி நிப்பா.
நேத்து கேட்டா,
"யாரையும் முட்டலியே, அப்பறம் ஏன் கொம்பு?"
டீச்சருக்கும் பதில் தெரியலயாம்.

இந்த ஷீட்ல எத்தன தப்போ.
அவகிட்ட காட்டணும், திருத்துவா.

முன்வண்டி நகருது.
முப்பத்தொன்பது.