ஆறு சத வரி

மட்டக்களப்பு, திருமலை வீதியில்
கண்ணாடிக்கடை வைத்திருக்கிறேன்.
பகலில் பிறருக்குப் பார்வை அளப்பது.
கதவு பாதி இறக்கியபின்
ஐந்தாம் ஜோர்ஜின் தாடி மயிரைப்
பத்து மடங்கு லென்ஸில் எண்ணுவது.

தபால் முத்திரைக்காரர் என்னை மதிப்பதில்லை.
அவர்களுடையவை கப்பலேறியவை,
காதல் சுமந்தவை.
என்னுடையவை
கச்சேரி மேசையைத் தாண்டாதவை.
சாராயத்துக்கும் உப்புக்கும் ஈட்டுக்கும் வட்டிக்கும்
எச்சில் தொட்டு ஒட்டி
இருந்த இடத்திலேயே கிழடு தட்டியவை.

பீங்கான் தட்டில் இளஞ்சூட்டுத் தண்ணீர்.
கடதாசி ஊறும், பசை விடும்,
ராசா மெல்ல மிதந்து வருவார்.
யார் வாங்கினார், யார் இழந்தார் என்பது
அடியில் களியாய்த் தங்கும்.
வாசித்ததில்லை.
கிணற்றடி வாழைக்கு ஊற்றிவிடுவேன்.

அரசரெத்தினம் தண்ணீரை நம்பாதவர்.
செத்துப்போன ஒரு பிறக்டரின் குமாஸ்தா.
கேத்தில் ஆவியில் காட்டி உரித்து
நூறு நூறாய் எனக்கு விற்பார்.
உரித்த தாளை, கேட்டு வந்தால்,
உரியவரிடம் கொடுப்பார். நேர்மையானவர்.

அப்படிக் கேட்டு வாங்கியவர்களில் ஒருத்தி
யோகமலர்.
தம்பிலுவிலில் இருந்து முதல் பஸ்ஸில் வந்து
"முத்திரை வாங்குறது நீங்களா?" என்றாள்.
மூக்குக்கண்ணாடிச் சட்டங்களை ஒதுக்கிவிட்டுப்
பொலித்தீன் பையைப் பிரித்தாள்.

1924 மாசி.
மூன்று அவண வயலின் ஈட்டுக்கு
முதலும் வட்டியும் பெற்றுக்கொண்டதாகக்
கந்தப்போடி கொடுத்த பற்றுச்சீட்டு.
எழுதியது வேறு கை.
போடியாருக்கு எழுத்துத் தெரியாது,
பெருவிரல் வைத்திருக்கிறார்.
விரலில் பாதி தாளில்.
மற்றப் பாதி இருந்த இடத்தில்
வெளுத்த ஒரு சதுரம்.

"அவர்ர பூட்டன் வழக்குப் போட்டிருக்கான்.
ஈடு மீளவே இல்லையாம்.
பாதி விரல் ஆர்ர விரலாகவும் இருக்கலாமெண்டு
அவங்கட அப்புக்காத்து சிரிக்கிறாரு."

அல்பத்தை விரித்தேன்,
கொஞ்சம் பெருமையாகத்தான்.
நிறவாரியாக, பல்வாரியாக, மாசில்லாமல்.
நாலு பக்கம் தட்டிவிட்டு
"மை இல்லாததெல்லாம் எனக்கெதுக்கு?" என்றாள்.

பிஸ்கட் தகரத்தை எடுக்கவேண்டியதாயிற்று.
மூடியில் என் கையெழுத்தில்: கெட்டவை.

கண் பார்க்கும் விளக்கின் கீழ்
நாற்பத்திமூன்று ஊதா ராசாக்கள்.
எல்லார் முகத்திலும் யாரோ விரல் வைத்திருந்தார்கள்.
ஒவ்வொருவராய்ச் சதுரத்தில் வைத்து வைத்து எடுத்தோம்.
எனக்கு லென்ஸ். அவளுக்கு வெறுங்கண்.
முப்பத்தோராவதை அவள்தான் பிடித்தாள்.

தாளில் அறுந்த வரி
முத்திரையில் ஏறி, ராசாவின் மூக்கைக் கடந்து,
காதடியில் வளைந்து
மறுகா தாளுக்கே இறங்கியது.
ஆறு சத வரிக்கு மேல்
இத்தனை வரி.

ஒரு மூலையில் மட்டும் இரண்டு இல்லை.
அது என் வேலை.
ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைநீக்கி தொட்ட பஞ்சால்
அரசர் முகம் துடைக்கத் தொடங்கி
அலுத்துப்போய் விட்டிருந்தேன்.
சொல்லவில்லை.
அவள் அந்த மூலையையே
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் மத்தியானப் பார்சலைத் திறந்து
ஒரு சோற்றுப் பருக்கை எடுத்தாள். நசித்தாள்.
"ஒட்டாதீங்க, கோட்டில கேள்வி வரும்."
"ஒட்டி இருந்ததத்தானே ஒட்டுறன்."

விலை கேட்டாள்.
"ஆறு சதம்" என்றேன், பெருந்தன்மையாய்.
சிரிக்கவில்லை.
இருநூறு ரூபா வைத்தாள்.
"பற்றுச்சீட்டு எழுதுங்க.
முத்திரை ஒட்டி."

இந்தக் காசுக்கு இப்போது முத்திரை தேவையில்லை
என்று விளக்கினேன். சட்டம் சொன்னேன்.
"ஒட்டுங்க."

லாச்சி, அலுமாரி, காசுப்பெட்டி.
இரண்டு அல்பம், ஒரு தகரம்,
மூன்று மன்னர், ஒரு மகாராணி,
செல்லுபடியாகிற முத்திரை ஒன்றுகூட இல்லை.

கண் பார்க்க வருபவர் இருக்கிற கதிரையை இழுத்து
அவள் உட்கார்ந்தாள்.
தபால்கந்தோர் திறந்துதான் இருக்கும்,
போய் வாங்கிட்டு வாங்க என்றாள்.