எண்பத்து மூன்றாம் நாள்

மூன்று ராத்திரியாய்க் காய்ச்சல்.
குலசேகரத்தில் மழை விடவில்லை.
ரப்பர் வெட்டு நின்று
ஷீட் எடைபோடும் என் தராசு
கடைக்குள் சும்மா தொங்கிக் கிடக்கும்.
மழைநாளில் மரம் தன் பாலை
எதற்குச் செலவழிக்கும் என்று
கடையில் யாரும் கேட்டதில்லை.

நான் கக்கூசில் நிற்கிறேன்,
நடுங்கும் விரலிடுக்கில்
ஒரு காகிதக் கீற்றோடு.

எண்பத்திரண்டு நாள் அது ஊதா.
கத்தரிப்பூ ஊதா,
சில விடியல்களில்
பள்ளிக்கூடத்து மைப்புட்டி ஊதா.
சோறு இல்லை. மரச்சீனி இல்லை.
வீட்டுப் பின்னால் குலைதள்ளிய மட்டிப்பழத்தை
வௌவாலுக்கு விட்டுக்கொடுத்தேன்.
சபை அசனத்தில் இலைமுன்னே உட்கார்ந்து
கறித்துண்டை மட்டும் பொறுக்கித் தின்ற என்னை
பந்தி பரிமாறிய பெனட்ராஜ்
பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.
வாயில் நகப்பூச்சு நாறுகிறதென்று
விஜிலா திரும்பிப் படுத்தாள்;
நானோ உள்ளங்கையில் ஊதி ஊதி
மெடலை மோந்து பார்ப்பவன்போல்
அந்த நாற்றத்தை அனுபவித்தேன்.

இன்று கீற்று வெளுத்திருக்கிறது.
பழைய சட்டைக்காலர் நிறம்.

"ஒளிச்சு எதாவது தின்னியளா?"
கதவுக்கு வெளியே விஜிலா.

என்னிடமா இந்தக் கேள்வி?
புகைபோடாத ஈர ஷீட்டைக் காய்ந்ததென்று
எடைக்குக் கொண்டுவருபவனை
பெருவிரலால் ஒரே அழுத்தில் பிடிப்பவன் நான்.
மூன்று நாளில் இரண்டு முட்டை,
எலும்பு அவித்த சாறு,
இருமல் மருந்து ஆறு கரண்டி.
அதிலும் சீனி இருக்கிறதாம்,
புட்டியில் பொடி எழுத்தில்
ஒளித்துப் போட்டிருந்தான்.
ஆனாலும் ஆறே கரண்டிதான்.

மாமியாரின் மெஷினில் விரலைக் குத்தினேன்.
நூற்று நாற்பத்தொன்று.
ஒரு பருக்கை தொடாதவனின் ரத்தத்தில்
யார் பாயசம் வைத்தது?

ஆசாரிப்பள்ளத்தில் நைட் டூட்டி பார்க்கும்
கொழுந்தியாள் பிரிஜா போனில் சிரித்தாள்:
"காய்ச்சல் வந்தா ஒடம்பு சண்டைக்கு எறங்கும் அத்தான்.
சண்டைக்கு வேண்டிய சீனிய
ஈரல் தானா எறக்கிக் குடுக்கும்.
ஒங்க கிட்ட கேட்டுட்டா செய்யும்?
உப்புப் போட்டு வெள்ளம் குடியுங்க.
வாந்தி வந்து ஒண்ணும் தங்கலேன்னா
அந்தக் கீற்ற நோண்டிட்டு நிக்காம
நேரா இங்க வாங்க."

போனை வைத்தபின்
வலது விலாவுக்குக் கீழே
கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.
எனக்குத் தெரியாமல்
எனக்குள்ளே ஒரு பத்தாயம்.
நான் எண்பத்திரண்டு நாள் காலியாக்கிவிட்டதாய்
நோட்டுப் போட்டு நம்பிய பத்தாயம்.
அடியில் ஒன்றும் மிச்சமில்லையென்றால்
இருந்த தசையைச் சுரண்டி
புதிதாய்ச் சீனி காய்ச்சுகிறது,
அடுப்பெரியும் என் உடம்புக்கு
என் அனுமதி இல்லாமல்.
கோபமாகத்தான் வந்தது.
பிறகு குளிர் வந்தது,
கோபத்தை மறந்து போர்வையைத் தேடினேன்.

விஜிலா கஞ்சி கொண்டுவந்தாள்,
காணத்துவையலும் வைத்து.
"ஒரு நாளைக்கு
ஒம்ம ஊதா எங்கயும் ஓடிப்போகாது."
'நீங்க' போய் 'ஒம்ம' வந்தால்
கோபம் என்று அர்த்தம்.
தெளிவை மட்டும் வடித்துக் குடித்தேன்.
நாக்கில் இரண்டு பருக்கை தட்டியது.
துப்பவில்லை.
சொல்லவும் இல்லை.

வியர்த்து விட்டபோது மணி நாலு.
ஓட்டில் இன்னும் மழை.
தலைமாட்டில் கிடந்த நோட்டை எடுத்து
'83' என்று எழுதினேன்.
நிறம் என்ற கட்டத்தில்
பேனா வெகுநேரம் நின்றது.

மழை, என்று எழுதினேன்.
வெட்டு இல்லாத நாளுக்கு
கடை நோட்டிலும்
அப்படித்தான் எழுதுவோம்.