காற்றுக்கு வாடகை

மழையைப் பாலக்காட்டிலேயே இறக்கிவிட்டு
வெறுங்கையோடு வருகிறது
மூலனூர்க் காற்று.

ஆடி முழுக்கச் சலிப்பு.
நைசு மண் கரூருக்கு,
பருக்கைக்கல் எனக்கு.
கனத்த மணல் மட்டும்
கிளுவை வேலியடியில் தங்கிவிடும்.
முந்தின வருசம் கணுக்கால் உயரம்.
இப்போது அதன்மேல் ஏறி
வெள்ளாடு வேலி தாண்டுகிறது.

ஐப்பசியில் ஒரே மழை,
முக்கால் மணி நேரம்.
குடிக்க மறந்த காடு
அப்படியே ஓடவிட்டது.
கொழுக்கட்டைப்புல் விதையும் கூடவே போயிற்று.
அரித்த பள்ளத்தில்
சுக்கான்கல் பல்லைக் காட்டுகிறது.

காற்றாலைக்காரர் வாடகை
ப. சரசாத்தாள் பேருக்கு
மாசம் தவறாமல் வருகிறது.
பத்திரத்தை மறுபடி படித்தேன்:
காற்று அவர்களுக்கு.
அது தூக்கிப்போகும் மண்ணைப் பற்றி
ஒரு ஷரத்தும் இல்லை.

கூடை எடுத்து
வேலி மணலைத் திரும்பக் காட்டில் கொட்டுகிறேன்.

வைகாசி வரைக்குமாவது கிடக்கும்.