உள்மடிப்பு

செந்தூல் ரயில் பட்டறைக்குப் பின்னால்
முகாமின் தையல் கொட்டகை.
ஒரே மெஷின்.
எண்ணெய் கிடைக்காது,
தேங்காயெண்ணெய் விட்டால் எறும்பு வரும்.
நூல் என்பது அன்னாசி நார்.

பயிற்சிக்குக் காற்சட்டை வேண்டும், நாற்பது பேருக்கு.
துணி வந்தது பதினேழு பேருக்கு.
மிச்சம் அவரவர் கொண்டுவர வேண்டியது:
கிராணியின் கோட்டு,
கோயில் திரைச்சீலையில் பாதி,
மாவு மூட்டைத் துணி ஒன்று,
எந்த நாட்டு எழுத்தோ, எத்தனை துவைத்தும்
பின்பக்கத்தில் அழியவே இல்லை.
ஆரோக்கியமேரி அதைப் போட்டுக்கொண்டு
சிரிக்காமல் நடந்தாள்.
நாங்கள்தான் சிரித்தோம்.

பால்மரம் வெட்டப் போகையில்
புருஷன் சட்டையை மாட்டியவர்கள்தான் பாதிப் பேர்.
சட்டையில் வெட்கமில்லை.
வெட்கமெல்லாம் முழங்காலில் இருந்தது.
முதல்நாள் "நேரே நில்" என்றதும்
அத்தனை கைகளும் இறங்கி
முழங்காலைப் பொத்திக்கொண்டன.
அட்டை கடித்த வடுக்கள்,
வெயில் அறியாத தோல்.
நாலாம் நாள் யாருக்கும் ஞாபகமில்லை.
குப்பாயி வேலி தாண்டிக் குதித்துவிட்டு
இன்னொரு தடவை குதிக்கட்டுமா என்று கேட்டாள்.

தைலம்மை கொண்டுவந்தது நீலக் காற்சட்டை.
கிரீஸ் வாசம் போகவில்லை.
பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர்.
சயாமுக்குப் பாதை போட
ஏற்றிக்கொண்டு போய்ப் பதினான்கு மாதம்.
கடிதம் இல்லை.
பைக்குள் தகர வில்லை ஒன்று, எண் 318.

அவர் இடுப்பு முப்பத்தாறு.
அவளுக்கு இருபத்தாறு.
கத்தரியை எடுத்தேன்.
"அக்கா, வெட்டாதீங்க.
மடிச்சுத் தைங்க.
வந்தா பிரிச்சுப் போட்டுக்குவாரு."

வெட்டும் துண்டெல்லாம் தொப்பிக்கு என்று உத்தரவு.
பத்து அங்குலத்தையும் உள்ளே மடித்தேன்,
பக்கத்துக்கு ஐந்தாக,
பெரிய தையலாக,
ஒரு இழுப்பில் வந்துவிடும்படி.
காலை முழங்கால்வரை ஏற்றிச் சுருட்டித் தைத்தேன்.
வில்லையை எடுக்கவில்லை.
பேரேட்டில் எழுதினேன்:
வெட்டியது, பத்து அங்குலம்.

ஓட்டத்தில் அந்த மடிப்பு அவள் இடுப்பை அறுத்தது.
மாலை மரவள்ளி தின்னும்போது
சிவந்த தடத்தைக் காட்டினாள்,
புகாராக இல்லை,
வாங்கிய வளையலைக் காட்டுவதுபோல்.

மேற்பார்வைக்கு வந்த லெப்டினன்ட்
பிரம்பால் அங்கே தட்டினாள்.
"இது என்ன, சோற்று மூட்டையா?"
"துணி, மேடம்."
"இவ்வளவா?"
"ஆள் பெரிய ஆள், மேடம்."
வரிசை சிரித்தது.
லெப்டினன்ட் சிரிக்கவில்லை.
தைலம்மையின் காலர் பித்தானைப் போட்டுவிட்டு
அடுத்தவளிடம் போனாள்.

கணக்கில் ஒரு தொப்பி குறைந்தது.

பத்துமலைச் சாலையில்
மழை இறங்கும்வரை நடத்தினார்கள்.
வரிசையின் கடைசியில் நான்,
மண்டை காய,
முன்னால் போகிறவளின் இடுப்பில்
தையல் பிரிகிறதா என்று பார்த்துக்கொண்டே.