உம்

முகாம் முடிந்ததும்
பெய்ராவில் மூன்று நாள் இளைப்பாறிவிட்டுப் போங்கள் என்றார்கள்.
கடலோர விடுதி. காலை ஏழுக்கே சுவர் சுட்டது.
கூட வந்த டாக்டர்கள் அலையில் நின்று படமெடுத்தார்கள்.
நான் திரையை இழுத்துவிட்டு
ஜன்னல் கம்பிகளை எண்ணினேன்.
பிறகு பல்லிகளை.
பிறகு அலைகளை, சத்தத்தை வைத்து.
இருபத்து நான்கு வந்ததும் நிறுத்தி
மறுபடி ஒன்றிலிருந்து.

வயிற்றைத் தைத்து மூடுமுன்
துடைத்த துணிகளை எண்ணிச் சொல்வது என் வேலை.
ஒருத்தி எண்ணினால் போதாது,
இரண்டு பேர் வேண்டும், வாய்விட்டு.
எதிரில் செலஸ்தீனா.
அவள் எண்ணும் மொழியில் ஒன்றுக்கு 'உம்'.
உம், தோய்ஷ், த்ரேஷ் என்பாள்.
ஒண்ணு, ரெண்டு, மூணு என்பேன்.
முதல் வாரம் சிரிப்பை அடக்க முடியவில்லை:
நான் ஏதோ கதை சொல்வதுபோலவும்
அவள் உம் கொட்டிக் கேட்பதுபோலவும்.

ஜெனரேட்டர் நின்றுபோன இரவில்
செல்போன் வெளிச்சத்தில் எண்ணினோம்.
இருபத்து மூன்று.
மறுபடி எண்ணினோம். இருபத்து மூன்று.
டாக்டர் ஊசியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.
கடைசித் துணி
செலஸ்தீனாவின் செருப்படியில் ஒட்டிக்கிடந்தது.
உம், என்று முதலிலிருந்து தொடங்கினாள்.
கணக்கு சரி. தாய்க்கு மூச்சு சீர்.
ஓரத்து மேஜையில்
சின்னதாகச் சுற்றி வைத்திருந்த துணி
எங்கள் எண்ணிக்கையில் வராது.

மதுரைக்கு வந்தபோது கத்திரி தொடங்கி நாலாம் நாள்.
அனுப்பானடி மாடி அறையில்
குழாயைத் திறந்தால் டீ போடலாம்.
ஆஸ்பத்திரியில் எல்லோரும் சாக்லேட் கேட்டார்கள்.
சிங்கம் பார்த்தீங்களா சிஸ்டர் என்றார் வாட்ச்மேன் சோலையப்பன்.
இல்லை என்றதும்
என்னைவிட அவருக்குத்தான் வருத்தம்.
கீரைக்கட்டைப் பிரித்தால்
தண்டுகளை எண்ணி முடிக்காமல் ஆய வரவில்லை.
இருபத்து நாலுக்கு மேல் இருந்ததை
தனியே ஒதுக்கி வைத்திருந்தேன்.

அறையில் கூட இருக்கும் ஜெசிந்தா
இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஒரு சாயங்காலம் ஸ்கூட்டிச் சாவியை ஆட்டி
"கெளம்பு, பீச்சுக்குப் போவோம்" என்றாள்.
இந்த ஊருக்கு ஏதுடி பீச்?

தெப்பக்குளத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.
வைகை வாய்க்கால் வழியே வந்த தண்ணீர்
பச்சையாக, பாதிக்கு மேல்.
பகல் வெயிலைச் சுற்றுச்சுவர் இன்னும் இறக்கி வைக்கவில்லை,
சுடிதாரைத் தாண்டிச் சுட்டது.
சோளம் சுடும் கரிப்புகை, பலூன், பொம்மைக் காரில் சுற்றும் பிள்ளைகள்.
நடு மண்டபத்தின் விளக்குகளை எண்ணத் தொடங்கினேன்.
ஒன்பதோ பத்தோ வரும்போது
எவனோ ஒரு வாண்டு தண்ணீரில் பொரியை வீச,
கூட்டமாக வாய்கள் மேலே வந்து மறைந்தன.
எத்தனை மீன் என்று யாருக்குத் தெரியும்.
விளக்கும் விட்டுப்போயிற்று.

ஜெசிந்தா பேசிக்கொண்டிருந்தாள்:
சீட்டுப் பிடித்த மரியபுஷ்பம் கம்பி நீட்டியது,
தொடர்ந்து நாலு நைட் டூட்டி போட்ட சூப்பர்வைசர்,
அவள் அண்ணன் பார்த்து வைத்திருக்கும்
திண்டுக்கல் மாப்பிள்ளைக்கு
போட்டோவில் மட்டும் முடி இருந்தது.
காற்று ஒரு தடவை
தண்ணீரைத் தொட்டுவிட்டு எங்கள் பக்கம் வந்தது.
"கேக்குறியா இல்லியா?" என்று தொடையில் தட்டினாள்.

உம், என்றேன்.

அடுத்த எண்ணுக்காக
நாக்கு கொஞ்சம் காத்திருந்தது.
அவள் அதற்குள்
மாப்பிள்ளையின் மூன்று மோதிரத்துக்குப் போய்விட்டாள்.
மாங்காய்ப் பத்தையில் மிளகாய்ப்பொடி அதிகம்,
கண்ணில் தண்ணீர் வந்தது.
உம்.
அப்புறம்?